ஒரு நாள் பூச்சு

கிளம்பும் முன்

பத்தொன்பது வருடமாகக் கலை வரலாறு பாடம் எடுக்கிறேன். அதில் பாதி இத்தாலி. அந்தப் பாதியில் ஒரு படத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எனக்குப் பாடம் எடுத்த சாரும் பார்த்ததில்லை. அவர் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். நான் புரொஜெக்டர் போடுகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த உர்பினோ பிரபுவின் படம் ஒரு சுவரையே அடைத்து நிற்பதாகத் தேர்வுத்தாளில் எழுதியிருந்தாள். அந்தப் படத்தின் உயரம் 47 சென்டிமீட்டர். மூன்று மதிப்பெண் குறைத்தேன். ராத்திரி படுத்தபோது உறுத்தியது. அவள் பார்த்தது என் திரையைத்தானே? அங்கே உர்பினோ பிரபுவும் எட்டடி, கூரை முழுக்க வரைந்த சிஸ்டைன் சேப்பலும் எட்டடி.

சீட்டு எடுத்த பணம், மே மாத விடுமுறை, இத்தாலிக்குப் பன்னிரண்டு நாள் பயணம். பெட்டியில் புளிக்காய்ச்சல், பறவை பார்க்கிற நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர், அப்புறம் கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய கொத்தனார் நூல்கண்டு ஒன்று.

"அளக்க டேப் இருக்கும்போது நூல் எதுக்கு?" என்றார் கணவர்.

வகுப்பில் டேப்பை நீட்டினால் பிள்ளைகள் எண்ணை எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நூலைப் பிடிக்க இரண்டு பேர் எழுந்து வர வேண்டும் என்றேன். அவருக்குப் பதில் திருப்தியாக இல்லை. பெட்டியில் வைக்க இடம் மட்டும் கொடுத்தார்.

முதல் நாள், பதுவா

வெனிஸில் இறங்கி, வெனிஸைப் பார்க்காமல் ரயிலேறிப் பதுவா வந்தேன். கேட்பவர்கள் திட்டுவார்கள். பரவாயில்லை.

ஸ்க்ரொவேஞி சேப்பல் என்ற சின்னத் தேவாலயத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. முன்பதிவு வேண்டும். முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம் மேலிருக்கும் ஈரமும் தூசியும் அடங்கினால்தான் உள்கதவு திறக்கும். அப்புறம் உள்ளே கால் மணி நேரம். அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்துக்குப் பதினைந்து நிமிடம்.

எந்த நிமிடம் எந்தப் படம் என்று நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கதவு திறந்ததும் பட்டியல் மறந்துபோனது. காரணம் நீலம். மேலே வளைந்த கூரை முழுக்க நீலம், அதில் தங்க நட்சத்திரங்கள். புத்தகத்தில் நீலம் படத்துக்குப் பின்னால் இருக்கும். இங்கே அது நம் தலைக்கு மேலேயும் தோளுக்குப் பக்கத்திலேயும் இருக்கிறது.

ஓவியர் ஜோத்தோ இந்தச் சேப்பலின் சுவரோவியங்களை ஏறக்குறைய 1303க்கும் 1305க்கும் நடுவில் முடித்தார். கட்டச் சொன்னவர் என்ரிகோ ஸ்க்ரொவேஞி, பெரிய பணக்காரர். அவருடைய அப்பா ரெஜினால்டோ வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தவர். கவிஞர் தாந்தே அவரை நரகத்தில் வட்டிக்காரர்களோடு உட்கார வைத்துவிட்டார். மகன் கோயிலைக் கட்டி, நுழைவாயில் சுவரின் கடைசித் தீர்ப்பு ஓவியத்தில் தானே மண்டியிட்டு, கோயிலின் சின்ன மாதிரி ஒன்றை மேரியிடம் நீட்டுவது போல எழுதவும் வைத்தார். நம் ஊர்க் கோயில் தூணில் கைகூப்பி நிற்கும் செட்டியாரும் நாயக்கரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத ஒன்று: கதை எங்கே தொடங்குகிறது? மேல் வரிசையில், பலிபீடத்துக்குப் பக்கத்தில், தெற்குச் சுவரில். அங்கிருந்து மேற்கே போய், திரும்பி வடக்குச் சுவர் வழியாகக் கிழக்கே வருகிறது. அப்புறம் ஒரு வரிசை கீழே இறங்கி மறுபடியும் அதே சுற்று. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. அப்படியே நாம் பிரகாரம் சுற்றுகிற வலம். மேரியின் அப்பா யோவாக்கிமின் கதையிலிருந்து கிறிஸ்துவின் கதை முடிய நான் மூன்று முறை வலமாகச் சுழன்றேன், தலை கிறுகிறுத்தது. ஒரு படம், அடுத்த படம் என்று பொத்தானை அழுத்தினால் இது எப்படித் தெரியும்? யூதாஸ் முத்தமிடுவது இதில் ஒரு சதுரம் மட்டும். சுற்றும்போது நடுவில் வருவது.

இன்னொன்று. பலிபீட வளைவின் இரண்டு பக்கமும் இரண்டு காலி அறைகளை எழுதியிருக்கிறார். ஆள் கிடையாது, கதை கிடையாது. ஜன்னலும், மேலேயிருந்து தொங்கும் ஒரு விளக்கும் மட்டும். சுவருக்குப் பின்னால் நிஜமாகவே அறை இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். இவற்றை என் வகுப்பில் காட்டியதே இல்லை, வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் மூன்றை அந்த விளக்குகளுக்கே கொடுத்தேன்.

மணி அடித்தது. வெளியே தள்ளாத குறை.

சாயங்காலம் ஊறுகாய் தேடி ஒரு ஆசியக் கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்த தம்பி முகத்தைப் பார்த்ததுமே, "அக்கா, இந்தியாவோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆமாம் தம்பி, கும்பகோணம்."

"வேலைக்கோ வந்தனீங்கள்?"

"இல்லை, படம் பார்க்க."

"படமோ? இஞ்ச தமிழ்ப் படம் போடுறேல்லையே அக்கா."

சுவர்ப் படம் என்று விளக்கினேன். "ஓ, அந்தக் கோயிலோ. பன்னிரண்டு வருசமா இருக்கிறன், உள்ளுக்குப் போகேல்லை" என்று சிரித்தார். எனக்கு அவரைக் குறை சொல்ல உரிமை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களை நான் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

இரண்டாம் நாள், இன்னும் பதுவா

ஜோத்தோவின் சேப்பலுக்குப் பக்கத்திலேயே எரெமிதானி தேவாலயம். இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் 11 அன்று, இதன் மேல் குண்டு விழுந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் நேற்றைய நீலம் இல்லை. இங்கே ஒவெதாரி சேப்பலில் ஓவியர் மாந்தெஞா இருபது வயதுக்குள் தொடங்கிய சுவரோவியங்கள் இருந்தன. பெரும்பகுதி தூளாகிவிட்டது.

இப்போது அங்கே இருப்பதைப் பார்த்தால் முதலில் ஒன்றும் புரியாது. சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதன் மேல் அங்கங்கே சின்னச் சின்ன வண்ணத் துணுக்குகள், உடைந்த ஓட்டுச் சில்லு மாதிரி. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். அவற்றைக் கணினியில் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு, எது எந்த இடத்தது என்று கண்டுபிடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வீரனின் முழங்காலில் விரல் நகம் அளவுக்குச் சிவப்பு. சுற்றிலும் சாம்பல் நிறம்.

புகைப்படம் பொய் சொல்கிறது என்று கறுவிக்கொண்டு விமானம் ஏறியவள் நான். போருக்கு முன்னால் யாரோ பொறுமையாக எடுத்து வைத்த படம் இல்லையென்றால் இந்தச் சுவரில் எதுவுமே இருந்திருக்காது. நூல்கண்டு பையில் கனத்தது. என் பழைய சாரை, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்த அந்தக் கையை, நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், ஃபுளோரன்ஸ்

ரயில். அறை. ரொட்டி. இந்த ஊர் ரொட்டியில் உப்பு போட மாட்டார்கள், அது டஸ்கனி வழக்கம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவளுக்கு முதல் வாய் சோதனை. புளிக்காய்ச்சல் தடவிக்கொண்டேன். பிரமாதம்.

மத்தியானம் சான்ட்டா மரியா நொவெல்லா தேவாலயம். ஓவியர் மசாச்சியோவின் 'திரித்துவம்' என்ற சுவரோவியம். ஏறத்தாழ 1427. அதற்கு அடுத்த வருடமே, இருபத்தாறு இருபத்தேழு வயதில், மனிதர் போய்விட்டார்.

கண்ணோக்கு வரைதலுக்கு இதைத்தான் முதல் பாடமாக வைப்பேன். கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேரும், பார் என்று சிவப்பு மார்க்கரால் திரையில் இழுத்துக் காட்டுவேன். படம் திரையின் நடுவில் இருக்கும், புள்ளியும் திரையின் நடுவாக்கில் எங்கேயோ விழும். இங்கே வந்து நின்றால் ஓவியம் 6.67 மீட்டர் உயரம். இரண்டு மாடி. அந்தப் புள்ளி சிலுவையின் அடியில், நிற்கிற ஒரு ஆளின் கண் மட்டத்துக்கு இருக்கிறது. அதனால் மேலே இருக்கும் வளைகூரையை நாம் அண்ணாந்து பார்க்கிறோம், கீழே இருக்கும் எலும்புக்கூட்டைக் குனிந்து பார்க்கிறோம். கணக்கு முழுவதும் நம் கண்ணிலிருந்து தொடங்குகிறது. சரியாகச் சொன்னால், என் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. நான் ஐந்தடி. மசாச்சியோ எனக்காக வரையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நுனிக்காலில் நின்றேன். கூரை சட்டென்று உள்ளே போய்க் குழிந்தது.

பைனாகுலரில் மேரியின் முகம் பார்த்தேன். அதில் சதுரக் கட்டங்கள் கீறியிருக்கின்றன, சின்ன வரைபடத்தைச் சுவருக்குப் பெரிதாக்கிய தடம். கட்டட வரிகளுக்கு அவர் ஈரக் காரையில் நூல் அடித்திருக்கிறார். ஆம், நம் கொத்தனார்கள் நூலில் காவி தடவி இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்களே, அதே வேலை. நூல் பதிந்த பள்ளம் அறுநூறு வருடமாக அப்படியே இருக்கிறது. பையில் கையை விட்டு என் நூல்கண்டைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கு இங்கே ஒரு சொந்தக்காரன் கிடைத்துவிட்டான்.

எலும்புக்கூட்டுக்கு மேலே எழுதியிருக்கிறது: நீங்கள் இருப்பது போல நானும் ஒருநாள் இருந்தேன், நான் இருப்பது போல நீங்களும் ஆவீர்கள். இந்த எலும்புக்கூட்டையும் மேலே இருக்கும் ஓவியத்தையும் முந்நூறு வருடம் யாரும் பார்க்கவில்லை. 1570 வாக்கில் கட்டடக் கலைஞர் வசாரி தேவாலயத்தைப் புதுப்பித்தபோது இதன் முன்னால் ஒரு பலிபீடத்தைக் கட்டி மறைத்துவிட்டார். அழிக்கவில்லை, மறைத்தார். 1860இல்தான் மேல்பகுதி கண்டுபிடிக்கப்பட்டது, அதைப் பெயர்த்து வேறு சுவரில் வைத்தார்கள். எலும்புக்கூடு பழைய இடத்திலேயே கிடந்தது. 1952இல் இரண்டையும் சேர்த்தார்கள்.

தஞ்சாவூரில் நடந்ததும் இதேதான். சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் புதுக்காரை பூசி வேறு படம் எழுதினார்கள். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அந்த இருட்டுச் சுற்றில் போய்ப் பார்த்தபோதுதான் உதிர்ந்த காரைக்கு அடியில் பழைய அடுக்கு தெரிந்தது. வசாரியையும் நாயக்கர்களையும் திட்டலாம். ஆனால் மூடி வைத்ததால்தான் கைபடாமல், புகை படாமல் வந்து சேர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கதையையும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லப்போகிறேன். இத்தனை வருடம் ஒன்று நான்காம் பருவத்திலும் மற்றது இரண்டாம் பருவத்திலும் கிடந்தது.

ராத்திரி அறையில் உட்கார்ந்து நூலை 6.67 மீட்டருக்கு வெட்டினேன். அகலத்துக்கு 3.17. முனையில் சிவப்புத் துணி முடிச்சு. தாழ்வாரத்தில் நீட்டிப் பார்த்தபோது வீட்டுக்காரப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். துணி காயப்போடக் கயிறு கட்டுகிறேன் என்று நினைத்து, மாடியைக் காட்டினார்.

நான்காம் நாள், சான் மார்க்கோ

இன்றைக்கு ஒரே ஒரு இடம்.

வங்கியாளர் கோசிமோ டி மெதிச்சி பணம் கொடுக்க, கட்டடக் கலைஞர் மிகெலோட்சோ புதுப்பித்த மடம் இது. 1440 வாக்கில் ஃப்ரா ஆஞ்செலிகோவும் உதவியாளர்களும் துறவிகளின் அறை ஒவ்வொன்றிலும் ஒரு சுவரோவியம் எழுதினார்கள். ஆஞ்செலிகோ அதே சபைத் துறவி.

மாடிப்படி ஏறுகிறோம். பாதியில் திரும்பினால் தலைக்கு மேலே, வானதூதர் மேரிக்குச் சேதி சொல்லும் 'மங்கள வார்த்தை' ஓவியத்தின் மேல் விளிம்பு தெரிகிறது. ஒரு படி ஏறினால் வளைவுகள். இன்னொரு படி, வானதூதரின் இறகு. இன்னொன்று, மேரியின் குனிந்த தலை. முழுப்படமும் தெரியும்போது நாம் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் நிற்கிறோம். கீழே லத்தீனில் ஒரு வரி: இவள் முன்னால் போகும்போது வணக்கம் சொல்லாமல் போகாதே. அதாவது இது நடந்துபோகிறவர்களுக்கான படம். நான் நாலு முறை இறங்கி ஏறினேன். காவலுக்கு இருந்த அம்மா மூன்றாவது முறை புன்னகைத்தார், நாலாவது முறை புன்னகைக்கவில்லை.

அறைகள் சின்னவை. ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் ஏறக்குறைய அதே வளைவுள்ள ஓவியம். ஜன்னல் உலகத்தைக் காட்டும், ஓவியம் மற்றதைக் காட்டும். ஒரு துறவிக்கு ஒரு படம். பக்கத்து அறைப் படம் அவருக்குத் தேவையில்லை. வகுப்பில் நான் நாற்பது நிமிடத்தில் ஐம்பது படம் ஓட்டுகிறேன்.

மூன்றாம் எண் அறையில் இன்னொரு 'மங்கள வார்த்தை'. தோட்டம் இல்லை, பூ இல்லை. வெறும் வெள்ளைச் சுவர், இரண்டு பேர், ஓரத்தில் ஒரு சாட்சி. அந்த அறையின் வெள்ளையும் படத்துக்குள் இருக்கும் வெள்ளையும் ஒன்றாக இருக்கிறது. புத்தகத்தில் அது மங்கலான படம் என்று தோன்றும். ஓரம் வெட்டி அச்சடிப்பதால் அறைச்சுவர் போய்விடுகிறது, மீதி இருப்பது வெளிறிக் கிடக்கிறது.

நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பு முழுக்க ஒரே படம். பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும்.

ஐந்தாம் நாள்

உஃபிசி அருங்காட்சியகம். கால் வலி. கூட்டம்.

ஒரே அறையில் மூன்று பெரிய மாதா படங்கள், சிமாபூ, துச்சியோ, ஜோத்தோ. மூன்றும் என் திரையில் சம உயரம். நேரில் துச்சியோவினது நாலரை மீட்டர், ஜோத்தோவினது மூன்றேகால். ஆனால் ஜோத்தோவின் மேரிதான் எடையாக உட்கார்ந்திருக்கிறாள், சின்னப் பலகையில். இது எனக்குப் புதுசு.

உர்பினோ பிரபுவையும் சீமாட்டியையும் தேடிப் போனேன். 47க்கு 33. என் நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பின்புறமும் ஓவியம், இருவரும் தேரில் ஊர்வலம் போகிறார்கள். இந்தப் பின்புறத்தை வகுப்பில் காட்டியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. அந்த மாணவிக்கு மூன்று மதிப்பெண் கடன்.

இந்த ஊரில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லோரும் எழுதியாயிற்று. 5.17 மீட்டர், போதுமா.

இந்தப் பயணத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) ஆர்வக்கோளாறில் நூலை வெளியே எடுத்துவிட்டேன். படத்தைத் தொடவில்லை, தரையில் மட்டும் நீட்டினேன். இரண்டு காவலர்கள் ஓடி வந்தார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் 'நான் ஆசிரியை' என்று தட்டிக் காட்டினேன். ஒருவர் படித்துவிட்டு நூலை என் கையில் சுருட்டிக் கொடுத்து, பையின் ஜிப்பை அவரே மூடினார். தப்பு என்னுடையதுதான்.

ஆறாம் நாள்

மழை. துணி துவைத்தேன். பிரான்காச்சி சேப்பலுக்குப் போய்விட்டு வந்தேன். மசாச்சியோ வரைந்த, ஏதேன் தோட்டத்திலிருந்து விரட்டப்படும் ஆதாமும் ஏவாளும் சுவரின் மூலையில், குறுகலான பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கிறார்கள். விரட்டினால் அப்படித்தானே இருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் யாரோ வெட்கப்பட்டு வரைந்த இலைகளை 1980களின் சுத்தப்படுத்தலில் எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருக்கும் ஸ்லைடில் இன்னும் இலை இருக்கிறது.

ஏழாம் நாள், பீசா

சாய்ந்த கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் கம்போசாந்தோ என்ற பழைய கல்லறை மண்டபம். 1944 ஜூலை 27 அன்று குண்டுவீச்சில் கூரை பற்றிக்கொண்டது. கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தது. மிஞ்சியதைக் காப்பாற்ற, ஓவியத்தின் மேல் பசை தடவித் துணி ஒட்டி, வண்ணத்தோடு காரையைத் தோல் உரிப்பது போல உரித்தெடுத்தார்கள். உரித்த இடத்தில் யாரும் பார்க்காத ஒன்று தெரிந்தது. முதல் பூச்சின் மேல் ஓவியர்கள் போட்டு வைத்த கோட்டுப்படங்கள், செங்காவியில். 'சினோபியா' என்று பெயர், அந்தக் காவி வந்த கருங்கடல் துறைமுகமான சினோப்பின் பெயர். 1979 முதல் அவற்றுக்கென்றே எதிரில் ஒரு அருங்காட்சியகம்.

இந்தப் பயணத்தில் அதிக நேரம் நின்ற இடம் இது. ஆள் நடமாட்டமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். சுவரோவியம் எழுதுகிற முறை இதுதான். முதலில் கரடுமுரடான பூச்சு. அதன் மேல் காவியில் முழுப்படம். அப்புறம் தினமும் காலையில் அன்றைக்கு முடிக்கிற அளவுக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு, காய்வதற்குள் வண்ணம். அந்த ஒரு நாள் பங்குக்கு 'ஜொர்னாத்தா' என்று பெயர். மேல்பூச்சு ஏறும்போது அடியிலிருக்கும் கோடு மறைந்துவிடும். இன்று முகம் எழுதலாம் என்றால் முகத்தின் கோட்டை மூடிவிட்டுத்தான் எழுத வேண்டும். அதாவது இந்தக் காவிக் கோடுகளைத் தாங்களே மூடப்போகிறோம் என்று தெரிந்துதான் அவர்கள் இவ்வளவு உயிரோடு போட்டிருக்கிறார்கள். ஒரு குதிரையின் கழுத்து ஒரே இழுப்பு. தீர்ந்த ஓவியத்தைவிட எனக்கு அது பிடித்தது. சொன்னால் சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு மாணவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மேடம், கோபுரம் நிஜமாவே சாய்ஞ்சிருக்கா?" ஆமாம், சாய்ஞ்சிருக்கு.

ஒன்பதாம் நாள், பட்டறை

நேற்று அரெத்சோ. பியரோவின் சிலுவைக் கதை, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூடாரத்தில் தூங்கும் இரவுக் காட்சி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இன்று கை வலிக்கிறது.

ஃபுளோரன்ஸுக்கு வெளியே ஒரு சிறிய பட்டறையில் ஒரு நாள் பயிற்சி. சொல்லிக் கொடுத்தவர் எழுபது வயதிருக்கும் ஒரு சிஞோரா, அதாவது அம்மணி. நாங்கள் நான்கு பேர். வாளியின் மூடியைத் திறந்ததும் வந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும், பொங்கலுக்கு முன்னால் வீட்டில் வெள்ளையடிக்கும் வாசனை. நீற்றிய சுண்ணாம்பு, தயிர் மாதிரி. அதை மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் ஊறப்போட்டிருக்கிறார். நம் ஊரிலும் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பு எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். அவர்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பார்கள் என்று செயலியில் தட்டிச் சொன்னேன். செயலி கடுக்காயை என்னவாக மாற்றியதோ, சிஞோரா வெகுநேரம் சிரித்தார்.

சுண்ணாம்பும் மணலும் கலந்த மேல்பூச்சைக் கரணையால் இழுத்தேன். உடனே வண்ணம் தொடக்கூடாது. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் அமுங்கும் பதம். அப்போது தூரிகையை வைத்தால் சுவர் வண்ணத்தைக் குடிக்கிறது. பசை எதுவும் கிடையாது, தண்ணீரில் கரைத்த நிறம் மட்டும். காயக் காயச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது, நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. நீலம் மட்டும் அடம்பிடிக்கும். ஜோத்தோ காலத்து அசுரைட் நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது, காய்ந்த பிறகு பசையில் குழைத்துத்தான் பூச வேண்டும். அதனால்தான் பழைய சுவர்களில் மேரியின் நீல ஆடை முதலில் உதிர்கிறது. இதைத் தேர்வுக் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன், விடையைப் புத்தகத்தில் படித்துவிட்டு.

சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் தஞ்சைக் காரையை ஆராய்ந்து, சோழர் அடுக்கு ஈரக் காரையில் எழுதியது என்றார். அந்த வரியையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குறுகல் சுற்றில், பின்னால் நகர இடமில்லாமல், விளக்கு வெளிச்சத்தில், சுவர் காய்வதற்குள் என்றால் என்ன அவசரம் என்று இன்றுதான் தோளில் தெரிந்தது.

திரித்துவத்து மேரியின் நீட்டிய கை. அது மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குச் சுவர் குடிப்பதை நிறுத்திவிட்டது. வண்ணம் மேலேயே நின்று வழிந்தது. மூன்று விரல் முடிந்திருந்தது. சிஞோரா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கரணையை எடுத்து, எழுதாத காரையை மூன்றாவது விரலின் ஓரமாகச் சரிவாக வெட்டி எறிந்தார். நாளைக்கு வருகிறவர் இந்த விளிம்பின் மேல் புதுக்காரையை ஏற்றி ஒட்டுவார். எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் எந்த நாள் முந்தியது என்று சொல்லிவிடலாம். இனி எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்த விளிம்பைத்தான் தேடுவேன்.

மூன்று விரல் கொண்ட அந்தத் துண்டைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு, கும்பகோணம்

பெட்டியைத் திறந்தபோது துண்டு இரண்டாக உடைந்திருந்தது. விரல்களுக்கு ஒன்றுமில்லை.

கல்லூரி திறந்த முதல் வாரம். புரொஜெக்டரை அணைத்துவிட்டு நூலைக் கொடுத்தேன். திரித்துவத்தின் உயரத்துக்கு வகுப்பறைச் சுவர் போதவில்லை, பாதியிலேயே கூரை வந்துவிட்டது. தாழ்வாரமும் போதவில்லை. கடைசியில் நூலகத்தின் வெளிச்சுவர். வெள்ளையடிக்க வந்திருந்த மேஸ்திரியிடம் ஏணி கேட்டோம்.

"என்னம்மா எழுதப்போறீங்க?"

"எழுதலை மேஸ்திரி. அளவு மட்டும்."

அவர் என் நூலை வாங்கிப் பார்த்தார். "இது வெறும் நூல். காவி தடவாம எப்படி அடிப்பீங்க?" என்று தன் டப்பாவைத் திறந்தார். மாணவன் ஒருவன் ஏணி மேலே, போன வருடம் மூன்று மதிப்பெண் இழந்தவள் கீழே. சிலுவையின் அடி எங்கே வரும் என்று கேட்டார்கள். ஒரு ஆளின் கண் மட்டத்துக்கு என்றேன்.

"யார் கண்ணு, மேடம்?"

வரிசையாக எல்லோரும் சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தார்கள். மேஸ்திரியும் நின்றார். அவர் உயரம்தான் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அங்கே ஒரு கோடு கீறிவிட்டு நூலை இழுத்துப் பிடித்தார்கள். மேஸ்திரி நடுவில் இரண்டு விரலால் சுண்டினார்.